தெற்கு மாசிடோனியா எங்கே?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்யும்போது ஆராய்ச்சியாளர் என்று சொல்லிவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதிப் பிழைக்கிறவன். இருபது வருடமாக மூட்டையின் மேல் ஊர்ப் பெயர் எழுதி எழுதி, ஊர்ப் பெயர்களின் மேல் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. இந்த ஊருக்கு இந்தப் பெயரை வைத்தது யார், மாற்றியது யார் என்று தேடிப் பார்ப்பேன். இன்றைய பேச்சும் அந்தக் கிறுக்கில் வந்ததுதான்.

2021 ஜூன் மாதம். கொரோனாவினால் பாதிப் பேருக்கு வேலை இல்லாத நேரம். எங்கள் சாலில் ஒரு வீட்டு டி.வி.யில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி ஓடுகிறது. ஆஸ்திரியாவும் வட மாசிடோனியாவும் ஆடுகின்றன. பாண்டெவ் என்ற முப்பத்தேழு வயதுக்காரர் ஒரு கோல் போட்டார். பெரிய போட்டி ஒன்றில் அந்த நாடு போட்ட முதல் கோல் அது. கடைசியில் 3-1 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் என்னைக் கேட்டான்: "மாமா, இது வட மாசிடோனியா என்றால் தெற்கு மாசிடோனியா எங்கே? அதுக்கு டீம் இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்குத் தொடங்கி, கிடைத்த புத்தகங்களை எல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பையன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, பதில் கொஞ்சம் தாமதம். ரயில்வேக்காரனிடம் கேட்டால் அப்படித்தான்.

மாசிடோனியா என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிறவர் அலெக்சாண்டர். ஜீலம் நதிக்கரை, போரஸ் மன்னன், கி.மு. 326. கிறிஸ்தவ அன்பர்களுக்கு வேதாகமத்தில் பவுல் போன மக்கெதோனியா நினைவுக்கு வரும். இந்த இரண்டையும் இப்போதைக்கு அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நான் பேசப்போகிற மக்கள், அலெக்சாண்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்குப் பின்னால், கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் வடக்கே இருந்து இறங்கி வந்த ஸ்லாவிய மொழிக்காரர்களின் வழியில் வந்தவர்கள். வந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தவர்களோடு கலந்தார்கள், உழுதார்கள், ஆடு மேய்த்தார்கள். அந்த மண்ணின் பெயர் மெல்ல மெல்ல அவர்களுடைய பெயரும் ஆயிற்று.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களை ஆண்டது துருக்கி சுல்தானின் அரசு. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், நாம் எல்லோரும் அறிந்த பெயர். அன்னை தெரசா. அவர் பிறந்தது 1910இல், இன்று வட மாசிடோனியாவின் தலைநகராக இருக்கிற ஸ்கோப்யே நகரத்தில், ஓர் அல்பேனியக் குடும்பத்தில். பிறந்தபோது அது துருக்கி நாடு, ஊரின் பெயர் உஸ்குப். அவருக்கு மூன்று வயது ஆவதற்குள் அது செர்பியா. முதல் உலகப் போரில் பல்கேரியப் படை வந்து உட்கார்ந்தது. போர் முடிந்ததும் செர்பியர், குரோவேஷியர், ஸ்லோவேனியர் என்று மூவர் பெயர் சொன்ன புதிய முடியரசு. 1928இல் கன்னியாஸ்திரியாகப் போக அவர் ரயில் ஏறியபோது ஊர் இருந்தது அந்த முடியரசில். குழந்தை ஊரை விட்டு நகரவில்லை, நாடுதான் மூன்று தடவை மாறிப்போயிற்று.

நாடு மாறினால் ஆளுக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். துருக்கி ஆட்சியில் ஒருவனை எந்த மொழி பேசுகிறாய் என்று கேட்டு எழுதவில்லை. எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்றுதான் எழுதினார்கள். கிரேக்கத் திருச்சபை ஒரு பக்கம், 1870இல் சுல்தான் அனுமதித்த பல்கேரியத் திருச்சபை இன்னொரு பக்கம், பின்னாலேயே செர்பியாவின் பணம். மூன்று பேரும் பள்ளிக்கூடம் கட்டினார்கள். நான் சொல்வதை வேடிக்கை என்று நினைக்காதீர்கள். பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் அந்தக் காலத்தில் அங்கே சுற்றி 1906இல் ஒரு புத்தகம் எழுதினார். சந்தையில் பார்த்த விவசாயி ஒருவரிடம் உங்கள் கிராமம் கிரேக்கமா பல்கேரியாவா என்று கேட்டாராம். நாலு வருடத்துக்கு முன் கிரேக்கம், இப்போது பல்கேரியா என்று பதில் வந்ததாம். காரணம்? ஊருக்கென்று ஒரு பாதிரியார் இல்லை என்று முறையிட்டார்கள், கிரேக்க பிஷப் கவனிக்கவில்லை, பல்கேரியாக்காரர்கள் பாதிரியாரோடு வாத்தியாரையும் இலவசமாக அனுப்பினார்கள். அவ்வளவுதான். சிரிக்கலாம். ஆனால் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்த ஏழைத் தகப்பனைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நகராட்சிப் பள்ளியில் எந்த மீடியத்தில் இடம் கிடைக்கும் என்று வரிசையில் நின்றவர்கள்தான் நாம்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1893இல் சலோனிக்கா என்கிற தெசலோனிகி நகரத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து ஓர் இரகசிய இயக்கம் தொடங்கினார்கள். முக்கியமானவர்களில் பலர் பள்ளிக்கூட வாத்தியார்கள். அவர்களில் பெரிய பெயர் கோத்சே டெல்சேவ். அவரும் வாத்தியார்தான். 1903 மே மாதம் துருக்கிப் படையோடு நடந்த மோதலில் செத்துப்போனார். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டு 2ஆம் தேதி, எலியா தீர்க்கதரிசியின் திருநாளில் புரட்சி வெடித்தது. குருஷேவோ என்ற மலையூரைப் பிடித்து அங்கே குடியரசு என்று அறிவித்தார்கள். தலைவர் நிகோலா காரெவ், சோசலிஸ்டு, அவரும் வாத்தியார். அந்த ஊரில் ஸ்லாவியர், விளாக்குகள், அல்பேனியர் என்று கலந்து வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து அமைத்த ஆட்சி ஏறக்குறைய பத்து நாள் நின்றது. பிறகு துருக்கிப் படை வந்து ஊரைக் கொளுத்திற்று. பத்து நாள்தான். அந்த ஆகஸ்டு 2 இன்றைக்கும் அவர்களுடைய தேசிய நாள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் புரட்சிக்காரர்களில் பலர் தங்களைப் பல்கேரியர் என்றும் சொல்லிக்கொண்டார்கள், எழுதினார்கள். அதனால் டெல்சேவ் எங்கள் ஆள் என்று பல்கேரியா சொல்கிறது. இல்லை, எங்கள் ஆள் என்று மாசிடோனியா சொல்கிறது. செத்தவரின் எலும்பைக்கூட விடவில்லை. சோபியாவில் இருந்த எலும்பை 1946இல் ஸ்கோப்யேக்குக் கொண்டுவந்து ஒரு தேவாலயத்தில் வைத்தார்கள். இரண்டு நாட்டுப் பேராசிரியர்களும் 2017ஆம் வருட ஒப்பந்தப்படி கமிட்டி போட்டு உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசினார்கள். என் எளிய கருத்து: அவர் எந்தக் கிராமத்து ஜனங்களுக்காகச் செத்தாரோ அந்த ஜனங்கள் பிற்பாடு தங்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்களோ, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தப் பெயரை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. கிரிஸ்தே மிசிர்கோவ். புரட்சி தோற்ற அதே 1903இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். நாம் செர்பியரும் இல்லை, பல்கேரியரும் இல்லை, நமக்கென்று தனி எழுத்து மொழி வேண்டும், அதை நம் கிராமத்துப் பேச்சிலிருந்து எடுக்க வேண்டும் என்பது புத்தகத்தின் சாரம். அச்சானது சோபியாவில். வெளியானவுடன் பிரதிகளில் பெரும்பகுதியைப் பறித்து அழித்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவரே கருத்து மாறி மாறி எழுதினார், அதையும் மறைக்க வேண்டாம். அவர் பிறந்த ஊரைக் கேளுங்கள். போஸ்டோல் என்ற கிராமம். அதன் பக்கத்தில்தான் அலெக்சாண்டர் பிறந்த பழைய பெல்லா நகரம் மண்ணுக்குள் கிடந்தது. இப்போது அது கிரேக்க நாட்டில் இருக்கிறது, கிராமத்தின் பெயரையும் பெல்லா என்றே மாற்றிவிட்டார்கள்.

கிரேக்க நாட்டில் எப்படி வந்தது? 1912இல் செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மான்டினீக்ரோ நான்கும் சேர்ந்து துருக்கியைத் துரத்தின. அடுத்த வருடமே பங்குச் சண்டை. 1913 ஆகஸ்டில் புகாரெஸ்ட் நகரத்தில் ஒப்பந்தம் ஆயிற்று. மாசிடோனியாவில் ஏறக்குறையப் பாதி கிரீசுக்கு, பத்தில் நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செர்பியாவுக்கு, பத்தில் ஒரு பங்கு பல்கேரியாவுக்கு. கையெழுத்துப் போட்டவர்களில் மாசிடோனியக் குடியானவன் ஒருவனும் கிடையாது.

ஸ்டோயான் என்று ஒரு தாத்தாவை வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேரன்கள் பல்கேரிய ஆட்சியில் ஸ்டோயானோவ். செர்பிய ஆட்சி அவர்களை ஸ்டோயானோவிச் என்று எழுதிற்று. 1944க்குப் பின் ஸ்டோயானோவ்ஸ்கி. எல்லைக்குத் தெற்கே மாட்டிக்கொண்ட பேரனுக்குக் கிரேக்க வால் ஒட்டிய வேறு பெயர். ஒரே தாத்தாவின் பேரன்கள்! இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் ஒரு பீடி குடித்தேன். இந்த ஊரில் நமக்கு வைத்திருக்கிற பெயர் என்ன என்பது உங்களுக்கே தெரியும், அதை நான் இன்று பேசப்போவதில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மலைநாட்டில் நிலம் குறைவு, வரி அதிகம். ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். கொத்தனார்கள், ரொட்டி சுடுகிறவர்கள், பால்காரர்கள். முதலில் இஸ்தான்புல், ருமேனியா. 1903க்குப் பிறகு அமெரிக்கா, கனடா. அதற்கும் பிறகு ஆஸ்திரேலியா. இதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு: பெச்சால்பா. சம்பாதிக்கப் போவது என்று பொருள். போனவனுக்குப் பெயர் பெச்சால்பார். பெண்கள் வீட்டையும் ஆட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எத்தனையோ நாட்டுப்பாடல்கள். கலிச்னிக் என்று ஒரு மலையூர். அங்கே ஆண்கள் வீடு திரும்புவது கோடையில்தான். அதனால் ஊரில் அந்த வருடத்துக் கல்யாணம் அத்தனையும் ஜூலை 12ஆம் தேதி, பேதுரு திருநாளை ஒட்டி ஒன்றாக நடக்கும். இப்போது ஊரில் நிரந்தரமாக ஆள் இல்லாத நிலை. ஆனாலும் வருடா வருடம் ஒரு ஜோடிக்கு அங்கே பழைய முறைப்படி கல்யாணம் செய்து பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு லீவு கேட்டு மேஸ்திரியிடம் நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்!

இப்படி வெளியூரில் கிடந்த ஒருவர்தான் கான்ஸ்டன்டின் மிலாதினோவ். மாஸ்கோவில் படிக்கப் போய், குளிர் தாங்காமல், 'தெற்கின் ஏக்கம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். 1862இல் இஸ்தான்புல் சிறையில் இறந்தார். அவர் பிறந்த ஸ்ட்ரூகா ஊரில் கோடைதோறும் நடக்கிற கவிதைத் திருவிழாவை இன்றைக்கும் அந்தக் கவிதையைப் படித்துத்தான் தொடங்குகிறார்கள்.

இன்னொருவர் கோச்சோ ராசின். குயவர் வீட்டுப் பிள்ளை, பாதியில் படிப்பை நிறுத்திச் சூளையில் வேலை பார்த்தவர், கம்யூனிஸ்டு. செர்பிய அரசு இந்த மொழியை மொழி என்றே ஒப்புக்கொள்ளாத காலத்தில், 1939இல், அதே மொழியில் 'வெண் விடியல்' என்ற கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். புகையிலை பறிக்கும் கூலிகளைப் பற்றிய கவிதை அதில் இருக்கிறது. தலைநகரத்துப் பேராசிரியர்கள் இல்லை என்று சொன்ன மொழியில், புகையிலைத் தோட்டத்துக் கூலி தன் வலியைச் சொல்ல முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் கூட்டாளியாகப் பல்கேரியா வந்தது. 1943 மார்ச்சில் ஸ்கோப்யே, பிதோலா, ஷ்டிப் ஊர்களின் யூதர்களைப் பிடித்து ஸ்கோப்யே புகையிலைக் கிடங்கில் அடைத்து, ரயிலில் ஏற்றி, போலந்தில் இருந்த திரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். வண்டிக்கு நேரம் குறித்தவனும் சீட்டு எழுதியவனும் என்னைப் போல ஒரு கிளார்க்காகத்தான் இருந்திருப்பான். இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

1944 ஆகஸ்டு 2, அதே பழைய புரட்சி நாள். புரோகோர் பிச்சின்ஸ்கி என்ற மடாலயத்தில் விடுதலைப் போராளிகள் கூடி, யூகோஸ்லாவியாவுக்குள் மாசிடோனியக் குடியரசு என்றும், ஆட்சி மொழி மாசிடோனிய மொழி என்றும் தீர்மானம் போட்டார்கள். 1945இல் எழுத்து வரிசை முடிவாயிற்று, 31 எழுத்து. பிளாஷே கோனெஸ்கி என்ற இளைஞர் அதில் முன்நின்றார், பிறகு இலக்கணமும் எழுதினார். இந்த மொழியில் ஓர் அழகு உண்டு. ஒரு பொருள் பேசுகிறவன் பக்கம் இருந்தால் சொல்லின் முடிவில் ஓர் ஒட்டு, தூரத்தில் இருந்தால் வேறோர் ஒட்டு, பொதுவாகவோ கேட்கிறவன் பக்கத்திலோ இருந்தால் மூன்றாவது. அ, இ, உ என்று மூன்று சுட்டு படித்த நமக்கு இது சட்டென்று புரியும். உகரச் சுட்டை நாம் ஏறக்குறையத் தொலைத்துவிட்டோம், அவர்கள் தினமும் சந்தையில் மூன்றையும் பேசுகிறார்கள்.

ஸ்கோப்யே பழைய ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை, தொழில் பாசம். 1963 ஜூலை 26 விடியற்காலை பெரிய பூகம்பம். ஆயிரத்துக்கு மேல் சாவு. ஸ்டேஷன் கடிகாரம் 5.17இல் நின்றுவிட்டது. கட்டடத்தை மியூசியமாக்கி, கடிகாரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

யூகோஸ்லாவியா உடைந்தபோது, 1991 செப்டம்பரில் வாக்கெடுத்து, துப்பாக்கி வெடிக்காமல் தனி நாடானார்கள். உடனே கிரீஸ், அந்தப் பெயர் எங்களுடையது என்று தடுத்தது. 1993இல் ஐ.நா. சபையில் 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற பட்டத்தோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். முன்னாள் என்று தொடங்கும் பெயரோடு எந்த நாடாவது உட்கார்ந்திருக்குமா! 1994 பிப்ரவரியில் கிரீஸ் எல்லையை மூடிற்று. அவர்கள் சரக்கு எல்லாம் போய் வருவது சலோனிக்கா துறைமுகம் வழியாக. வடக்கே செர்பியாவுக்கு ஐ.நா. தடை. கிழக்கே சோபியாவுக்கு நேர் ரயில் பாதை கிடையாது. பார்சல் ஆபீஸ்காரன் சொல்கிறேன், நாலு பக்கமும் லைன் அடைபட்டால் ஒரு ஊர் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் தாங்கி, 1995இல் கொடியை மாற்றச் சம்மதித்த பிறகுதான் எல்லை திறந்தது.

ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1994இல் விக்டோரியா மாநில அரசு, இவர்கள் மொழியை மாசிடோனிய மொழி என்று மட்டும் எழுதக் கூடாது, 'ஸ்லாவோனிக்' என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டது. அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போன குடும்பங்கள், நம் சங்கம் மாதிரி சந்தாவில் நடக்கிற சங்கங்கள், ஆசிரியர்கள், வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் இழுத்தது. இன வேற்றுமைச் சட்டத்துக்கு விரோதமான உத்தரவு என்று தீர்ப்பு வாங்கினார்கள். நம் சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்காகவே இதைச் சொன்னேன்.

இவ்வளவு சொன்னவன் அவர்கள் செய்த தப்பையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தனி நாடான பின்பு அவர்கள் நாலில் ஒரு பங்காக இருக்கிற அல்பேனியர்களை நடத்தியது சரியில்லை. டெட்டோவோ நகரத்தில் அல்பேனியர்கள் தங்கள் மொழியில் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். 1995 பிப்ரவரியில் போலீசை அனுப்பினார்கள், ஓர் உயிர் போயிற்று. மிசிர்கோவின் புத்தகத்தைப் பறித்தவர்கள் மேல் கோபப்பட்ட அதே ஜனங்கள்! 2001இல் ஆயுதச் சண்டையே வந்தது. ஆகஸ்டில் ஓகிரித் ஒப்பந்தம் போட்டு, அல்பேனியர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ள ஊர்களில் அவர்கள் மொழிக்கும் ஆட்சி இடம் கொடுத்தார்கள். டெட்டோவோ பல்கலைக்கழகத்துக்கு 2004இல் அரசு அங்கீகாரம் வந்தது. முன்பே கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது தப்பு அந்த அலமாரியைத் திறந்தது. 2011இல் ஸ்கோப்யே நடுச் சதுக்கத்தில் குதிரை மேல் அலெக்சாண்டருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பெயர் மட்டும் 'குதிரை மேல் போர்வீரன்'. வேலையில்லாமல் இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்டில் சிலைக்குமேல் சிலை. புகையிலைக் கூலியும் குருஷேவோ வாத்தியாரும் கொடுத்த பெருமை போதாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எனக்கு இது வருத்தம்.

2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரீசோடு ஒப்பந்தம். நாட்டின் பெயர் வட மாசிடோனியா. மொழியின் பெயர் மாசிடோனிய மொழி என்றே நிற்கும். செப்டம்பரில் மக்களிடம் கேட்டபோது வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரி என்றார்கள், ஆனால் வாக்களிக்க வந்தது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்தான். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், போனவர்களையும் குறை சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரியில் பெயர் மாறிற்று, அடுத்த வருடம் நேட்டோவில் சேர்த்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில் பல்கேரியா குறுக்கே நின்றது, உங்கள் மொழி எங்கள் மொழியின் கிளைதான் என்று. வாத்தியாரை இலவசமாக அனுப்பிய காலத்துக் கணக்கு இன்னும் தீரவில்லை.

தம்பி, இப்போது உன் தெற்குக்கு வருகிறேன்.

தெற்கு இருக்கிறது. கிரீஸ் நாட்டின் வட பகுதி, அதற்கும் பெயர் மாசிடோனியாதான். அங்கே பெரும்பாலோர் கிரேக்க மொழி பேசுகிறவர்கள், தங்களை மாசிடோனியர் என்று அவர்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் 1920களில் துருக்கியிலிருந்து விரட்டப்பட்டு மூட்டையோடு வந்து இறங்கியவர்கள். அவர்கள் வலியும் வலிதான். ஆனால் அதே மண்ணில் ஸ்லாவிய மொழி பேசியவர்களின் ஊர்ப் பெயர்களை 1926இல் தொடங்கி மொத்தமாக மாற்றினார்கள். லெரின் புளோரினா ஆயிற்று, வோடென் எதெஸ்ஸா ஆயிற்று. 1936க்குப் பின் மெடாக்சாஸ் சர்வாதிகாரத்தில் அந்த மொழியை வீட்டுக்குள் பேசினாலும் தண்டனை.

1946 முதல் 1949 வரை கிரீசில் உள்நாட்டுப் போர். மாசிடோனியர் பலர் கம்யூனிஸ்டுகள் பக்கம் நின்றார்கள், அந்தப் பக்கம் தோற்றது. 1948இல் குண்டு வீச்சிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சுமார் 28,000 பிள்ளைகளை எல்லை தாண்டி அனுப்பினார்கள். கிரேக்கப் பிள்ளைகளும் உண்டு, மாசிடோனியப் பிள்ளைகளும் உண்டு. கடத்திக்கொண்டு போனார்கள் என்று அன்றைய கிரேக்க அரசு சொன்னது. கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெண்ணை 'அம்மா'வாக வைத்து, மலை ஏறி இறங்கி நடத்திக் கூட்டிப்போனார்கள். சில வாரத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். யூகோஸ்லாவியா, ருமேனியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என்று ரயில் ரயிலாகச் சிதறினார்கள்.

1982இல் கிரீஸ் ஓர் உத்தரவு போட்டது. போர் அகதிகள் திரும்பி வரலாம். ஆனால் கிரேக்க இனத்தவர் மட்டும். வளர்ந்து கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிழவர்களாகிவிட்ட மற்றப் பிள்ளைகளுக்கு ஊரும் இல்லை, நிலமும் இல்லை. பார்த்துவிட்டாவது வரலாம் என்று போனவர்களில் பலரை எல்லையிலேயே நிறுத்தினார்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் பழைய பெயர் இருந்தது. அப்படி ஓர் ஊர் எங்கள் நாட்டில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ரசீதில் ஒரு பெயர், ஸ்டேஷன் போர்டில் ஒரு பெயர் என்றால் பார்சலை டெலிவரி கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தெற்கு மாசிடோனியாவுக்கு டீம் இல்லை, தம்பி. நேரமாகிவிட்டது, பெண்கள் சமையலுக்குப் போக வேண்டும். கேள்வி இருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே கேட்கலாம். வணக்கம்.